கைநாட்டுக்கு மேலே ஒரு வரி

9 ஜூன் 2025, திங்கள்

பார் கவுன்சில் கடிதத்தை இன்று இரண்டாகக் கிழித்திருப்பேன். அசல் என்பதால் தப்பித்தது.

நிரோஜினி ஐந்து வருடம் என்னிடம் சட்டம் படித்தவள். அரசியல் சட்டத் தாளில் எண்பதுக்கு மேல் நான் இதுவரை இரண்டு பேருக்குத்தான் போட்டிருக்கிறேன், அதில் ஒருத்தி இவள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தாள். ‘விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகள் என்பதற்குச் சான்று இல்லை’ என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். 2001இல் திருச்சியில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, இலங்கையை வரைபடத்தில் மட்டும் பார்த்த பெண். இவள் வேறு எந்த நாட்டுக் குடிமகளாம்? அதை எழுத அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

சட்டம் எளிது. 2001இல் இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். இவள் அப்பா சிவலிங்கம் இந்தியர். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். 1982இல் இரு நாட்டு ஒப்பந்தப்படி கண்டித் தூதரக அலுவலகத்தில் வைத்து இந்தியாவே அவர்களுக்குக் குடியுரிமையும் கடவுச்சீட்டும் கொடுத்தது. இந்தியாவுக்கு ஏற வேண்டிய கப்பல் நின்றுபோனது. கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போனார்கள், 1990இல் போருக்குப் பயந்து படகில் ராமேஸ்வரம் வந்தார்கள். வந்த இடத்தில் இலங்கை அகதி என்று பதிவாகிவிட்டது. அன்று தாத்தா அகதி, பிறகு அப்பா அகதி, இப்போது இவளும் அகதி.

உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். மாவட்ட நிர்வாகம் பன்னிரண்டு வாரத்தில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவு கிடைத்தது. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிக்கிறார். முதல் அமர்வு 27ஆம் தேதி. வக்காலத்து என்னுடையது.

12 ஜூன்

காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் மாடிப்படி ஏற மாட்டாராம். எனக்கு மட்டும் இருபது வயது முழங்காலா?

கல்லூரியில் சக ஆசிரியர் கோதண்டபாணி பிடித்துக்கொண்டார். செப்டம்பரில் எனக்கு அறுபது முடிகிறது. பகுதிநேரப் பேராசிரியையாக இருபத்தெட்டு வருடம் ஓட்டியதற்குப் பாராட்டு விழா, பாராட்டு மலர். மலருக்கு அவர்தான் ஆசிரியர். தலைப்பு ‘கண்ணீர் துடைத்த கரம்’. நான் யார் கண்ணீரையும் துடைத்ததில்லை, மனு போட்டிருக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, 1990இல் மண்டபம் அகதி முகாமில் எடுத்த புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சட்டக் கல்லூரிக் கடைசி வருடத்தில், தன்னார்வலராகப் போய் அகதிகளுக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் மலர் தொடங்குகிறதாம்.

புகைப்படம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்று இருக்கிறது. தேட நேரமில்லை.

19 ஜூன்

நிரோஜினி குடும்பம் இருக்கும் அகதி முகாமுக்குப் போயிருந்தேன். சிவலிங்கம் பெயிண்டர். இன்று செக்கிங் என்பதால் வேலைக்குப் போகவில்லை. செக்கிங் என்றால் ஆள் எண்ணுவது. வருவாய் ஆய்வாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடும்ப எண்ணைக் கூப்பிடுவார், குடும்பம் மொத்தமும் முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். ஆள் குறைந்தால் பதிவு போய்விடும். காய்ச்சலில் கிடந்த ஒருவரைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பேனாவால் அடுத்த எண்ணைத் தட்டினார்.

அந்த வரிசையில் நிரோஜினியும் நின்றாள். சட்டப் பட்டதாரி, கையில் அட்டையோடு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய், இவர்களை எந்தச் சட்டப்பிரிவின் கீழ் இப்படி எண்ணுகிறீர்கள் என்று ஆய்வாளரைக் கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்றார். உத்தரவின் எண்ணையும் தேதியையும் கேட்டேன். “மேடம், நீங்க வெயில்ல நிக்காதீங்க” என்றார். இந்த மாதிரி மரியாதைக்கு அறைவதே மேல்.

பிறகு வீட்டில் சிவலிங்கம் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, நாலு பேர். குடும்பக் கடவுச்சீட்டு. அவர் அப்பா சங்கிலிமுத்து, அம்மா, ஏழு வயதுச் சிவலிங்கம், மூன்று பேரும் ஒரே படத்தில். கண்டி முத்திரை பளிச்சென்று இருக்கிறது. இதைவிட என்ன சான்று வேண்டும் இவர்களுக்கு?

சங்கிலிமுத்து 2017இல் இறந்துவிட்டார். கடைசிவரை மாதாமாதம் செக்கிங்குக்கு நின்றவர் என்றார் சிவலிங்கம். அவரை எனக்கு நினைவிருக்கிறதா என்றும் கேட்டார். மண்டபத்தில் நானும் இருந்ததாக மகள் சொல்லியிருக்கிறாள். ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள், யாரை என்று நினைவு வைப்பது என்று சொன்னேன்.

27 ஜூன், வெள்ளி

முதல் அமர்வு. வருவாய் அலுவலர் நாற்பது வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

முகாம் பிரிவுத் தாசில்தார் ஒரு கோப்போடு எழுந்தார். 1990 ஆகஸ்டில் மண்டபத்தில் சங்கிலிமுத்து கொடுத்த வாக்குமூலம். ‘நான் இலங்கைக் குடிமகன். என்னிடமோ என் குடும்பத்தாரிடமோ இந்திய அரசு வழங்கிய ஆவணம் எதுவும் இல்லை.’ கீழே வழக்கமான வரி: ‘மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்துள்ளேன்.’ அதற்குக் கீழே இடது கட்டைவிரல் ரேகை. அப்படியானால் இந்தக் கடவுச்சீட்டு ஒன்று இவருடையது இல்லை, அல்லது இவரே அதைக் கைவிட்டுவிட்டார் என்பது தாசில்தாரின் வாதம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. உயிர் தப்பிப் படகில் வந்தவன், எழுதப் படிக்கத் தெரியாதவன், எவரோ எழுதிய தாளில் விரலை ஒற்றினான். முப்பத்தைந்து வருடம் கழித்து அதே விரலைப் பிடித்துப் பேத்தியின் கழுத்தை நெரிக்கிறீர்கள். இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னேன். அலுவலர் குறித்துக்கொண்டார். நிரோஜினி என் பக்கத்தில் உட்கார்ந்து நகலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசையில் இருக்கிறது.

28 ஜூன்

மோட்டார் பழுது. தண்ணீர் இல்லை. நாள் முழுக்க அதிலேயே போயிற்று.

3 ஜூலை

பதிலுரை எழுதினேன். நல்ல வாதம். கைநாட்டு வைத்தவருக்கு எழுத்தறிவில்லை. எழுதியவர் யார் என்று தாளில் இல்லை. எழுதியவரை நிறுத்தாமல் வாசித்துக் காட்டியதை நிரூபிக்க முடியாது. ஆகவே வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை. எழுதியவரை ‘அடையாளம் தெரியாத ஒரு தன்னார்வலர்’ என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

நிரோஜினி தட்டச்சு செய்து கொடுத்தாள். அந்த இடத்தில் நிறுத்தி, அந்தத் தன்னார்வலரைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டாள். அவர் வந்து சொன்னால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்றாள். முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது, உயிரோடு இருக்கிறார்களோ இல்லையோ என்றேன். அவள் மீதியைத் தட்டச்சு செய்து முடித்தாள்.

5 ஜூலை

காலையிலிருந்து எரிச்சல். காய்கறிக்காரரிடம் முருங்கைக்காய்க்காகச் சண்டை போட்டேன். பாவம்.

அன்று மண்டபத்தில் அந்த வரிசையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றும் புரியாது. ராமேஸ்வரத்திலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். ஈரத் துணி, வாந்தி, வழியில் இறந்த குழந்தையைக் கீழே வைக்க மறுத்த ஒரு தாய். முகாம் வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் எங்களுக்கு ஒரு மேசை. நாங்கள் ஐந்து மாணவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை அகதியாகச் சேர்க்க மாட்டார்கள், இடம் கொடுக்காமல் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று வரிசையில் ஒரு பேச்சு ஓடியது. மலையகத்துக்காரர்கள் பயந்து நடுங்கினார்கள். அவர்களுக்கு இங்கே ஊரும் இல்லை, உறவும் இல்லை. எங்கே போவார்கள்?

அந்தச் சூழலில் யார் எதை எழுதியிருந்தாலும் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை இருக்கிறது?

10 ஜூலை

இரண்டாம் அமர்வு. அலுவலர் என் பதிலுரையைப் படித்திருந்தார். சட்டம் சரிதான் என்றார். ஆனால் வாக்குமூலம் அரசுக் கோப்பில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது. அதைப் பொய் என்று சொல்ல யாராவது வேண்டும். எழுதியவர் கிடைத்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் கோப்பில் இருப்பதை வைத்துத்தான் நான் முடிவெடுக்க முடியும் என்றார். 24ஆம் தேதி கடைசி அமர்வு.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் கால ஆணைகளை எடுத்துப் பார்த்தாராம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்த ஆணையும் இல்லையாம். சேர்த்து, தனியாகப் பட்டியல் எடுக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நம்பவில்லை. ஆணை நகலைக் காட்டினார். இரண்டு முறை படித்தேன். முகாம் வாசலிலேயே ஒட்டியிருந்திருக்க வேண்டும், எங்கள் மேசையிலிருந்து ஐம்பது அடி.

12 ஜூலை, சனி

காலை பதினோரு மணிக்கு நிரோஜினி வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் வருகிறவள் இல்லை. காபி வேண்டாம் என்றாள். கைப்பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றாம் வருடம் நான் திருத்தியது. ஓரத்தில் என் குறிப்புகள், அவள் பெயருக்குக் கீழே இரண்டு கோடு. பெயர்களுக்கு அடியில் இரண்டு கோடு போடுவது என் பழக்கம். மாணவர்கள் இதை வைத்துக் கேலி செய்வது எனக்குத் தெரியும்.

அதன் பக்கத்தில் வாக்குமூலத்தின் நகலை வைத்தாள். சங்கிலிமுத்து என்ற பெயருக்குக் கீழே இரண்டு கோடு.

கீழே மாவரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்ப தெரியும் மேடம் உங்களுக்கு?”

“இருபத்தேழாம் தேதி.”

“பதினஞ்சு நாள்” என்றாள். “நான் உங்களுக்காகத்தான் டைப் பண்ணேன், அடையாளம் தெரியாத தன்னார்வலர்னு.”

வழக்கை வேறு வழியில் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்று விளக்கினேன். அது பொய்யும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “தொழில் நெறி வகுப்புல நீங்க சொன்னீங்க. வக்கீலே சாட்சியாகற நிலைமை வந்தா அன்னிக்கே வழக்க விட்டுரணும்னு. எனக்கு வக்கீல் வேணாம் மேடம். சாட்சி வேணும்.”

விடைத்தாளை எடுத்துக்கொண்டு போனாள். வாக்குமூல நகலை விட்டுவிட்டுப் போனாள். மேசையில் இப்போது இரண்டு நகல் இருக்கின்றன.

13 ஜூலை

சரி, எழுதுகிறேன். நான்தான் எழுதினேன்.

சங்கிலிமுத்துவை நினைவிருக்கிறது. காதில் கடுக்கன் போட்ட உயரமான மனிதர். தோளில் ஒரு பையன் தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தான். பதினைந்து வயதுப் பையனைத் தோளில் சுமக்க முடியாது, அது வேறு யாரோ. பக்கத்தில் நின்ற மெலிந்த பையன்தான் சிவலிங்கமாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இருப்பதைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் இல்லை என்று எழுதுகிறேன் என்று எடுத்துச் சொன்னேன். அவரும் சம்மதித்துத்தான் கைநாட்டு வைத்தார். சம்மதித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

வக்காலத்தை விட்டுவிலகும் மனுவை எழுதி வைத்துவிட்டேன். பிரமாண வாக்குமூலம் ஒன்றும் எழுதினேன், ஒரு பக்கம். அதிலும் ‘அவர் சம்மதத்தோடு’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

எனக்கு என்னவெல்லாம் வரும் என்று தெரியும். அரசு ஆவணத்தில் தெரிந்தே பொய் எழுதியவள் என்று பார் கவுன்சிலுக்குப் போகும். போகட்டும். ஆனால் ஆத்திரம் தீரவில்லை. இருபத்துநாலு வயதுப் பெண் பயத்தில் எழுதிய ஒரு தாளைப் படித்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்க முப்பத்தைந்து வருடத்தில் ஓர் அதிகாரிக்கும் தோன்றவில்லையே. இதையும் நான் சொல்லத்தான் போகிறேன்.

16 ஜூலை

மலரின் அச்சுப்படி வந்தது. முதல் பக்கத்திலேயே ‘அகதிகளின் முதல் மனுவை எழுதிய கை’. கோதண்டபாணியிடம் நிறுத்தச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரகசியக் குரலில் பேசினார். எழுத்தை யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள், அந்தப் பெண்ணிடம் பக்குவமாகப் பேசினால் புரிந்துகொள்வாள், நாளைக்கே சட்டத் திருத்தம் வந்து எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்தாலும் கிடைக்கும் என்றார். நீங்கள் எத்தனை பேருக்கு நல்லது செய்திருக்கிறீர்கள், ஒரு தாளுக்காக அதையெல்லாம் கொட்டிக் கவிழ்க்க வேண்டுமா என்றார். நல்ல மனிதர். என் மேல் உண்மையான அக்கறை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அந்தப் பதினைந்து நாளில் நானே எனக்குச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் கேட்கக் கேட்க அருவருப்பாக இருந்தது.

விழா வேண்டாம் என்று முதல்வருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

24 ஜூலை, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிரோஜினி வேறு வக்கீல் வைக்கவில்லை. தன் வழக்கைத் தானே நடத்துவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். கட்சிக்காரர் தானே பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை. சாம்பல் நிறச் சுடிதார், கையில் நாலு தாள். பின்வரிசையில் சிவலிங்கம். என்னைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எத்தனையோ பேரை அந்த மாதிரி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன், அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று தெரியாது.

வாக்குமூலத்தை எழுதியது யார் என்று கேட்டாள். நான் என்றேன். தாசில்தார் நிமிர்ந்தார். சங்கிலிமுத்து தன்னிடம் இந்திய ஆவணம் இல்லை என்று சொன்னாரா என்று கேட்டாள். இல்லை, கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார், நான்தான் உள்ளே வைக்கச் சொன்னேன் என்றேன். கடவுச்சீட்டு உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஓர் ஆணை இருப்பதாக யார் சொன்னார்கள் என்று கேட்டாள். வரிசையில் பேசிக்கொண்டார்கள் என்றேன். அதிகாரிகளிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை. ஏன்? அதிகாரிகள் என்றாலே எங்களுக்கு ஆகாது, அவர்களிடம் போய்க் கேட்பதே இழுக்கு என்று நினைத்தோம் என்றேன். நான் சொல்ல வைத்திருந்த ஆவேசப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அலுவலரும் பேனாவை மூடப் போனார். நிரோஜினி நகலை என் கையில் கொடுத்தாள்.

“கைநாட்டுக்கு மேல உள்ள வரிய வாசிங்க.”

வாசித்தேன். வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு.

“வாசிச்சுக் காட்டுனீங்களா?”

“காட்டினேன்.”

“எழுதினபடியே வாசிச்சீங்களா?”

அவளுக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. நான் தாக்கல் செய்திருந்த பிரமாண வாக்குமூலத்தில் அந்தச் ‘சம்மதத்தோடு’ மட்டும் மற்ற வரிகள் போல இல்லை என்று கண்டுபிடித்திருப்பாள். வரிக்கு வரி சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

இல்லை என்று சொன்னேன். பெயர், வயது, தோட்டம், படகு வந்த நாள், எல்லாவற்றையும் வாசித்தேன். அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன்.

“ஏன்?”

“அவர் ஒத்துக்க மாட்டார்னு தெரியும். முதல்ல சொல்லிப் பார்த்தேன். ‘நான் இந்தியாக்காரன் தாயி, வந்த மண்ணுல கால வச்சதும் பொய் சொல்லச் சொல்றியே’ன்னு கேட்டார். வரிசை நின்னுபோச்சு. பின்னால குழந்தைங்க அழுதுச்சு. சரி, உள்ளபடியே எழுதறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, நான் நினைச்சத எழுதினேன்.”

சிவலிங்கம் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. நிரோஜினி அடுத்த தாளை எடுத்தாள்.

“இதே மாதிரி எத்தன பேருக்கு எழுதுனீங்க?”

இது இந்த விசாரணைக்குத் தேவையில்லாத கேள்வி என்றார் தாசில்தார். அலுவலரும் அவளைப் பார்த்தார். தேவை இருக்கிறது என்றாள் அவள். “ஒருத்தருக்கு மட்டும்னா இவங்க இன்னிக்கி எனக்காகக் கதை கட்டறாங்கன்னு சொல்லுவீங்க, சார். எல்லாருக்கும் இப்படித்தான் எழுதினாங்கன்னா அது அவங்க வழக்கம். அந்த எழுத்துல இன்னும் எத்தன தாள் இருக்குன்னு உங்க கோப்பயே எடுத்துப் பாக்கலாம்.”

சட்டத்தில் அவள் சொன்னது சரி. பதில் சொல்லுங்கள் என்றார் அலுவலர்.

பதினோரு நாள் உட்கார்ந்தேன். கடவுச்சீட்டோடு வந்தவர்கள் தினமும் ஐந்தாறு குடும்பம். அறுபது குடும்பத்துக்கு மேல் இருக்கும் என்றேன். சங்கிலிமுத்துவுக்குப் பிறகு வந்த எவரிடமும் நான் விளக்கம் சொல்லவே இல்லை. கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்துவிட்டதால் கேட்காமலே எழுதினேன்.

இதைத்தான் இத்தனை வருடம் சேவை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வாயைப் பொத்திவிட்டு, அவர்களுக்காகப் பேசுகிறேன் என்று நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினேன். இப்படி ஒருத்தியை எதிர்த்தரப்பில் பார்த்திருந்தால் நான் விட்டிருப்பேனா? கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

11 ஆகஸ்ட்

உத்தரவு வந்துவிட்டது. ஆறு பக்கம். 1990 வாக்குமூலம் சங்கிலிமுத்துவின் கூற்று அல்ல, எழுதியவரின் கூற்று, ஆகவே ஏற்கத்தக்கதல்ல. கடவுச்சீட்டு உண்மையானது. சிவலிங்கம் இந்தியக் குடிமகன். நிரோஜினி பிறப்பால் இந்தியக் குடிமகள்.

என் நடத்தை பற்றி பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. அது நியாயம்.

நிரோஜினிக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. நான் அழுதேன். அவளுக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எனக்காகவும்தான்.

14 ஆகஸ்ட், வியாழன்

காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். நிரோஜினி உட்காரவில்லை. அடுத்த வாரம் பதிவு முடிந்துவிடும், முதல் வழக்கு அந்த அறுபது குடும்பங்களுக்குத்தான் என்றாள். தன் முகாமிலும் பக்கத்து முகாம்களிலும் விசாரித்து முப்பத்தெட்டுப் பெயர்களைச் சேர்த்திருந்தாள். யார் யார் என்று நான் அடையாளம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு விசாரணைக்கும் சாட்சியாக வர வேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். பெயர்ப்பட்டியலை மேசையில் வைத்தாள். என் பக்கம் பார்க்காமல், கீழே வண்டியில் இருப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சிவலிங்கம் நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எங்கப்பா சாகுற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தாரும்மா. ஒவ்வொரு செக்கிங்குக்கும் நின்னுட்டு வந்து திட்டுவாரு. உங்கள இல்ல. ‘அந்தப் படிச்ச பொண்ணு நான் சொன்னபடியேதான் எழுதி, வாசிச்சும் காட்டுச்சு. ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் மாத்தி எழுதிப்புட்டான்’னு. இந்த நாட்டுல நம்மள மனுசனா மதிச்சு உக்கார வச்சுப் பேசுனது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்னு சொல்லுவாரு.”

சொல்லிவிட்டு, வருகிறேன் என்று படியிறங்கினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் கதவருகிலேயே நின்றிருந்தேன். பிறகு உள்ளே வந்து பட்டியலை எடுத்து, முதல் பெயரிலிருந்து வாய்விட்டுப் படித்தேன், ஒன்றையும் விடாமல்.